ஆரணியின் குரலுக்கு நான் போட்ட சீனி

1

ஒரு புதன்கிழமை காலை, குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் கரட் சீவிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரி கபி, பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். கபிக்கும் என்னைப்போல அறுபதுக்குக் கிட்ட வயது. அவள் ஓடி நான் பார்த்ததில்லை. "உன் மகள்! உன் மகள் பேப்பரில் வந்திருக்கிறாள்!" என்று கத்தினாள்.

வெளிநாட்டில் பிள்ளையின் பெயர் பேப்பரில் என்றால் எங்களுக்கு முதலில் நல்லது தோன்றாது. விபத்தோ, பொலிசோ, வேறு ஏதும் கோதாரியோ என்று மனம் ஓடும். கையைத் துடைக்காமலே பறித்துப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்கு ஆரணியின் படம். கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் தலை இழுத்துச் சீவவில்லை.

அது ஒரு இசை விமர்சனம். வுப்பர்டாலைச் சேர்ந்த 'டின் ஷெட் சண்டே' என்ற குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டிருக்கிறது என்று தொடங்கியது. அமெரிக்கானா என்றும் ஓல்டர்நேட்டிவ் கன்ட்ரி என்றும் அந்த இசைக்கு இரண்டு பெயர் போட்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தாலும் என் டொச், அதாவது ஜெர்மன் மொழி, டொக்டரிடம் போகவும், அரசாங்கக் கந்தோரில் சண்டை பிடிக்கவும், சமையலறையில் பகிடி விடவும் போதுமான மொழிதான். பாட்டைப் பற்றிப் பேசும் டொச் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் இரண்டாவது பந்தி நன்றாக விளங்கியது.

'ஆரணியின் குரல் அழகான குரல் அல்ல' என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். 'சரளைக் கல்லில் இழுபடும் கதிரை போல அது உராய்கிறது. மேலே ஏறும்போது உடைகிறது. உடைந்த இடத்தை அவர் ஒட்டவைக்க முயல்வதுமில்லை.'

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பெற்ற பிள்ளையைக் குந்தியிருக்கிற கதிரை என்று ஒருத்தர் எழுதுவார், நான் கரட் சீவிக்கொண்டிருப்பதா? "இந்த ஆளுடைய டெலிபோன் நம்பர் இதில் இருக்குமா?" என்று கபியைக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "முழுக்க வாசியடி" என்றாள்.

முழுக்க வாசித்தோம். அவள் வாசிக்க வாசிக்க நான் கரட்டோடு நின்றேன். மிகுதியை என் தமிழில் சொல்கிறேன்: 'அழகான குரல்கள் இந்த இசையைக் கெடுத்து நெடுநாளாகிறது. ஆரணி பாடும்போது யாரையும் மயக்க முயலவில்லை. நடந்ததைச் சொல்கிறார். ஸ்டீல் கிட்டார் அவருக்காக அழுவதில்லை, அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுத்து நிற்கிறது. இந்த இசை அமெரிக்காவில் பிறந்திருக்கலாம். இந்தப் பாட்டுகள் எங்கள் நகரத்து மழையில் நனைந்தவை. ஏழாவது பாட்டைக் கேட்ட பிறகு அன்றைக்கு வேறொன்றும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.'

"இது பாராட்டா?" என்றேன்.

"என்னைப் பற்றி ஒருத்தர் இப்படி எழுதினால் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே மாட்டுவேன்" என்றாள் கபி. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கோ கதிரை தொண்டைக்குள் நின்றது.

2

ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. இங்கே பிறந்தவள். பிசியோதெரப்பிக்கு மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படித்து முடித்து, ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறாள். நகரத்தின் மற்றப் பக்கத்தில் தனி வீடு. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்களிடம் வருவாள். பின்னேரம் ஒரு தகரக் கொட்டிலுக்குப் போய் மூன்று டொச் பெடியங்களோடு வாசிப்பாள். குழுவின் பெயர் அந்தக் கொட்டிலில் இருந்து வந்ததுதான். பெயர் வைக்கச் சொன்னால் இதுகளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த இசையை எப்படி விளங்கப்படுத்துவது? தொப்பி போட்டுக் குதிரையில் வருகிற ஆட்கள் பாடும் பாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "அது இல்லை அம்மா. அதிலையிருந்து கோவிச்சுக்கொண்டு பிரிஞ்சு போன பகுதி" என்றாள் ஆரணி ஒருநாள். மினுங்குகிற சட்டை, பெரிய மேடை, காதல் வெற்றி எல்லாம் வேண்டாம், வேலை இழந்தவனையும் வீட்டு வாடகையையும் பற்றிப் பாடுவோம் என்று புறப்பட்டவர்களாம். கோபித்துக்கொண்டு தனிச் சங்கம் தொடங்குகிற வழக்கம் எங்களுக்கும் புதிதல்லவே. அதனால் அது எனக்குச் சட்டென்று விளங்கியது.

அவள் சின்னவளாக இருந்தபோது தமிழ்ப் பாடசாலையில் பாட விட்டோம். பாட்டு ரீச்சர் நல்ல மனுசி. "பிள்ளைக்குச் சுருதி நிக்குது, ஆனா குரல் கட்டை" என்று சொல்லி, ஆண்டு விழாவில் அவளைப் பின்வரிசையில் நிற்க வைத்தார். அடுத்த வருடமும் பின்வரிசைதான். அதற்கடுத்த வருடம் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. குரல் கட்டை என்றால் என்ன செய்கிறது, படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பழைய கிட்டார் ஒன்று வந்தது. கதவு சாத்தி வாசிப்பாள். கதவுக்கு வெளியே உடுப்பு மடித்தபடி நான் கேட்டது மட்டும்தான் அவளுடைய பாட்டு. ஆங்கிலத்தில் பாடுவாள். எனக்கு ஊரில் படித்த ஆங்கிலம் அரைகுறை. மேடைக்கு வாங்கோ என்று அவள் கூப்பிடாமல் இல்லை. பியர் குடிக்கிற இடம், நிற்கத்தான் இடம், முழங்கால் ஏலாது, அடுத்த முறை பார்ப்பம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு வைத்திருந்தேன்.

கடந்த மார்கழியில் அவள் முழுநேர வேலையை அரைநேரமாக்க அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்தாள். வாரத்தில் மிச்ச நாளெல்லாம் பாட்டுக்காம். அப்போது வீட்டில் நடந்ததை எழுதத் தேவையில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கோ. இவர், அதாவது என் மனுசன், உளி சுத்தியல் செய்கிற தொழிற்சாலையில் ஒரே மெசினோடு காலம் முழுக்க நின்றவர். "நிரந்தர வேலையைப் பாதியா வெட்டுற விசர் எந்த ஊரிலை இருக்கு?" என்றார். ஆரணி கோட்டை மாட்டிக்கொண்டாள். போகும்போது என்னிடம் இரண்டு டிக்கெட் தந்தாள்.

"இசைத்தட்டு வெளியீட்டுக் கொன்சேர்ட். பங்குனியிலை. இதுக்கு மட்டும் கட்டாயம் வரோணும் அம்மா. முன்னுக்கு நிக்க வேண்டாம். வந்து கேட்டால் காணும், அது போதும்."

"வாறன் பிள்ளை" என்றேன். அந்த முறை சாட்டுச் சொல்ல வாய் வரவில்லை.

3

விமர்சனம் வந்த அன்று பின்னேரம், குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்ப வேண்டும் என்று கை பரபரத்தது. ஊரில், கொக்குவிலில் என் தங்கச்சி வதனி, ரொறன்ரோவில் ஒரு அண்ணர், லண்டனில் மச்சாள்மார். படத்தைப் போட்டால் போதுமா? என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து தமிழாக்கினேன்.

'அழகான குரல் அல்ல' என்று எழுதினேன். பார்த்தேன். ரொறன்ரோ அண்ணி இதை வாசிக்கும்போது உதட்டைப் பிதுக்குவது கண்ணில் வந்தது. அழித்துவிட்டு 'சாதாரண அழகுக்குள் அடங்காத குரல்' என்று மாற்றினேன். அது கொஞ்சம் முட்டுக்கொடுத்தது போல இருந்தது. 'அபூர்வமான இனிமை கொண்ட குரல்' என்றால் வாசிக்க வடிவாக இருந்தது. உராய்வைக் கம்பீரம் ஆக்கினேன். உடைவை உருக்கம் ஆக்கினேன். கதிரையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் தேனை ஊற்றினேன். கடவுளே, நான் எழுதியதை வாசித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாராட்டு என்றால் இதுதான். என் அப்பா பாடசாலை விழாக்களுக்கு வாழ்த்துமடல் எழுதிக் கொடுப்பவர். கதிரையில் தூங்கி வழிந்த அதிபர் இளைப்பாறியபோது 'ஓய்வறியா உழைப்பாளரே' என்று தொடங்கி எழுதினார். மண்டபம் முழுக்கத் தெரியும், அதிபருக்கும் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள், அதிபர் கண் கலங்கினார். மடலைச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினார்கள். உள்ளதை எழுத எவன் மடல் அடிக்கிறான்?

குழுவில் பூவும் இதயமும் கொட்டுண்டன. அது அதோடு நின்றிருக்கும். ஆனால் சிவபாதம் அண்ணைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்தான் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலர் ஆசிரியர். மறுநாளே போன் எடுத்தார்.

"தங்கச்சி, இதை மலரிலை போடோணும். எங்கட பிள்ளையை வெள்ளைக்காரனே இப்பிடிப் புகழ்ந்திருக்கிறான் எண்டால் சும்மாவோ?"

"அண்ணை, அது நான் கொஞ்சம்..."

"நீர் ஒண்டும் யோசியாதையும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவர் பார்த்தார். மலர் அச்சாகி வந்தபோது தலைப்பு 'ஜெர்மன் மண்ணில் கூவும் எங்கள் குயில்'. நான் எழுதிய வரிகளுக்கு மேற்கோள் குறி போட்டு, 'என்கிறார் புகழ்பெற்ற ஜெர்மன் விமர்சகர்' என்று சேர்த்திருந்தார். என் தேனுக்கு மேல் அவர் தன் பங்குக்குக் கற்கண்டு தூவியிருந்தார்.

4

ஆண்டு விழா வழக்கம்போல ஒன்றரை மணி பிந்தித்தான் தொடங்கியது. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்து மலர் வெளியீடு. ஆரணியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதைச் சந்தோசமாகத்தான் ஏற்றாள். பின்வரிசையில் நிற்க வைத்த ரீச்சரே எழும்பி நின்று கைதட்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கீழே வந்து பக்கத்தில் இருந்தவள் மலரைத் திறந்தாள். ஆரணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான் வாசிப்பாள். எழுத்தின் கீழே விரல் ஊர்ந்துகொண்டே போனது. ஒரு இடத்தில் நின்றது. திரும்ப மேலே போனது. மேடையில் பிள்ளைகள் காவடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நான் தேத்தண்ணி போடும்போதுதான் கேட்டாள்.

"இதை ஆர் எழுதினது அம்மா?"

"பேப்பரிலை வந்ததைத்தான் நான்..."

"இதிலை ஒரு வசனம்கூட அந்தாள் எழுதேல்லை."

"கருத்து அதுதானே பிள்ளை."

"கருத்து அது இல்லை!" கத்திவிட்டு, குரலைத் தணித்தாள். "அவர் என்ர குரலைக் கேட்டவர். கேட்டுப்போட்டு, அது எப்பிடி இருக்கெண்டு எழுதினவர். சின்னனிலை கட்டைக் குரல் எண்டு என்னைப் பின்னுக்கு விட்டினம். இப்பதான் முதல் தரமா ஒருத்தர், அந்தக் குரல்தான் வேணும் எண்டு எழுதியிருக்கிறார். அதை நீங்கள் திருத்திப்போட்டியள்."

"உன்னைப் பெருமையாச் சொன்னால் பிழையோ?"

"என்னைச் சொல்லேல்லை. இனிமையான குரலோடை வேற ஆரோ ஒரு மகளைச் சொல்லியிருக்கிறியள். நான் அவள் இல்லை அம்மா."

என் வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு பேர் கைதட்டினதுகள், நீ இப்பிடி மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவள் பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்தாள். "கொன்சேர்ட்டுக்கு வரவேண்டாம், அம்மா. வந்தால் முடிய நல்லாயிருந்தது எண்டு சொல்லுவியள். எனக்கு அதைக் கேக்க ஏலாது" என்றாள்.

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலை இருக்கு என்று தகப்பனுக்கு மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள். கடித்துத் தின்னுகிற கோபம் இல்லை அது. அவள் என்னிடம் எதுவும் சொல்வதை நிறுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கைநழுவிப் போகும் வீடுகளை இங்கே பார்த்திருக்கிறேன். சண்டை போட்டுப் போகிறவை திரும்பி வரும். சொல்வதை நிறுத்திய பிள்ளைகள் பிறந்தநாளுக்குப் பூச்செண்டோடு வந்து, கேக் தின்று, மணிக்கூடு பார்த்துவிட்டுப் போகும். எனக்கு அந்தப் பயம்தான் பிடித்தது.

"நீர் ஏன் அப்பிடி எழுதினனீர்?" என்றார் இவர்.

"நீங்கள் வாயை மூடுங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

5

வதனிக்குப் போன் எடுத்தேன். என் பக்கம் கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்றால் அவள்தான். முழுக்கதையும் சொல்லி, "நீயே சொல்லு, ஒரு தாய் பிள்ளையை நாலு பேருக்கு முன்னாலை வடிவாக் காட்ட ஆசைப்படுறது குற்றமோ?" என்று முடித்தேன்.

"அக்கா, ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது" என்றாள்.

"சொல்லு."

"போன வருசம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தது. ஆசுப்பத்திரியிலை கிடந்தனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

போன வருடம் கிழமைக்கு ஒருக்கால் கதைத்திருக்கிறோம். இஞ்சை ஒரு குறையும் இல்லை அக்கா, மாமரம் காய்ச்சுக் கொட்டுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஏன்டி சொல்லேல்லை? நான் ஆரோ பிறத்தி ஆளோ? என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?" என்று நடுவீட்டில் நின்று கத்தினேன். இவர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் நான் கத்தி முடியும் வரை பொறுத்திருந்தாள். "நீங்கள் சொன்னனீங்களோ?" என்றாள் பிறகு. "முழங்காலுக்கு ஊசி போடுறியள் எண்டு அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் அங்கை போன காலத்திலையும் அப்பிடித்தான். இஞ்சை சொர்க்கம், வீடு சூடு, விசா எல்லாம் சரி எண்டு அம்மாக்குச் சொல்லுவியள். அம்மா நம்பினவ எண்டு நினைச்சியளோ?"

"நம்பேல்லையோ?"

"போனை வைச்சிட்டு, அவளுக்கு அங்கை ஏதோ வில்லங்கம், என்னட்டைச் சொல்லுறாள் இல்லை எண்டு அழுவா. ஒவ்வொரு முறையும் அழுவா, அக்கா."

அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு பழைய வீட்டின் கூரைக்குக் கீழே ஒற்றை அறையில் இருந்தோம். ஹீட்டர் நினைத்தால் சுடும், நினைத்தால் சுடாது. தங்கும் அனுமதியைச் சில மாதத்துக்கு ஒருமுறை நீட்ட வேண்டும். டெர்மின் என்று நேரம் எடுத்து, விடியமுன் போய் வரிசையில் நின்று, இந்த முறை நீட்டுவானோ விமானம் ஏற்றுவானோ என்று நெஞ்சிடிக்க இருந்த காலம். அதையெல்லாம் சொல்லி அம்மாவைக் கலங்க வைக்கக் கூடாது என்றுதான் சொர்க்கம் என்றேன். அம்மாவுக்கு நல்லது செய்ததாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அம்மா இப்போது இல்லை. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. வதனியும் அழுதாள். பிறகு அவள் தையல் போட்ட இடம் குனிந்தால் இழுக்கிறது என்றாள். நான் படியேற ஏலாமல் கைபிடியைப் பிடித்துத் தொங்குவதைச் சொன்னேன். அன்றைக்குக் கதைத்தது போல நாங்கள் இருவரும் கதைத்து எத்தனையோ வருடம்.

போனை வைத்ததும் ஆரணிக்கு ஒரு செய்தி எழுதினேன். 'நான் வரட்டோ பிள்ளை? நல்லாயிருந்தது எண்டு சொல்லமாட்டன்.' வாசித்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

6

பதில் வராவிட்டால் போகாமல் இருக்கிற ஆள் நான் இல்லை. கொன்சேர்ட் நடந்த அந்த ஞாயிறு பின்னேரம் எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் ஏறினோம். வழி முழுக்க இவர், "பிள்ளை வேண்டாம் எண்டவள், பிறகு பிரச்சினையாப் போகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அப்ப நீங்கள் இறங்கிப் போங்கோ" என்றேன். இறங்கவில்லை.

ஒருகாலத்தில் நாடா நெய்த பழைய தொழிற்சாலை அது. உள்ளே இருநூறு பேரளவில் நின்றார்கள். கட்டம் போட்ட சட்டை, நரைத்த தாடி, எங்கள் வயது மனிதர்களே பாதி. நான் நினைத்திருந்த வெறிக்கூட்டம் ஒன்றையும் காணவில்லை. கடைசிச் சுவரோடு சாய்ந்து நின்றோம். விளக்கு அணைந்தது. ஆரணி மேடைக்கு வந்தாள்.

முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் எழுதியது உண்மை. அது அழகான குரல் இல்லை. கரகரத்தது. மேலே போனபோது உடைந்தது. ஆனால் அவள் அதைச் சாக்குச் சொல்லி மறைக்கவில்லை, இதுதான் நான் என்று அப்படியே எங்கள் முன்னால் வைத்தாள். இருநூறு பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள். கதவுக்கு வெளியே உடுப்பு மடித்துக்கொண்டு இத்தனை வருடம் நான் என்னத்தைக் கேட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஸ்டீல் கிட்டார் என்பது மேசை போலக் கால் வைத்த ஒரு சாமான். அதற்கு முன்னால் இருந்து இரும்புத் துண்டால் தடவுகிறார்கள். அவள் ஒரு வரி பாடிவிட்டு நின்றதும் அது மெல்ல எழும்பி, அந்த வரியை இன்னும் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் விட்டது. மனம் இளகிப்போனது.

ஏழாவது பாட்டுக்கு முன் டொச்சில் இரண்டு வசனம் பேசினாள். "இது டெலிபோன் பெட்டிக்குள் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கார்ட்டில் காசு முடியும் வரைக்கும் எல்லாம் நல்லது என்று சொல்கிறாள்."

அந்தப் பெண் நான்தான். அந்தப் பெட்டிக்குள் நான் தனியே நின்றதில்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளையை என் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டுதான் அம்மாவோடு கதைப்பேன். இவளுக்கு என்ன விளங்கப் போகிறது என்று நினைத்தேன். எல்லாம் விளங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் மிக எளிய சொற்கள். 'இங்கே எல்லாம் சுகம், இங்கே வீடு சூடு' என்று ஒவ்வொரு அடியிலும் அந்தப் பெண் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அவளுடைய கை குளிரில் விறைத்திருப்பது தெரிகிறது. கடைசித் தடவை 'சுகம்' என்ற இடத்தில் ஆரணியின் குரல் உடைந்தது. வாத்தியம் எல்லாம் நின்றுவிட்டது. அவள் அந்த உடைந்த குரலோடு தனியே பாட்டை முடித்தாள். அதில் குற்றம் சாட்டல் ஒன்றும் இல்லை. அவ்வளவு அன்பாக என்னை ஒருத்தர் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கைதட்டவில்லை. இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாட்டுக்கு அரைநேரம் காணுமோ இவளுக்கு?" என்றார்.

முடிந்தபின் சனம் கலைய, நாங்கள் மேடைப் பக்கம் போனோம். ஆரணி குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"எப்பிடி?" என்றாள்.

நல்லாயிருந்தது என்ற சொல் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"மூண்டாவது பாட்டிலை அந்த ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன் உன்ர குரலை மூடிப்போட்டான். ஒரு சொல்லும் எனக்குக் கேக்கேல்லை."

வயர் சுற்றிய கை நின்றது.

"ஐஞ்சாவது எனக்குப் பிடிக்கேல்லை. தேவையில்லாத நீளம். பாதியிலை இவர் மணி பாத்தவர்."

"நான் பாக்கேல்லை" என்றார் இவர்.

"ஏழாவது?" என்று கேட்டாள். சின்னக் குரலில் கேட்டாள்.

"ஏழாவது நொந்தது பிள்ளை. அதை நான் இருக்கேக்கை பாடாதை." சொல்லிவிட்டு, அது பொய் என்று எனக்கே பட்டது. "இல்லை, பாடு. எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டுட்டுப் பாடு. நிண்டு கேக்க ஏலாது எனக்கு. கால் உண்மையாவே நோகுது."

ஆரணி வயரை அப்படியே நிலத்தில் போட்டாள். வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "மூண்டாவது பாட்டைப் பற்றி நானும் அவனுக்கு மாதக்கணக்காச் சொல்லுறன், அம்மா. கேக்கிறானில்லை" என்றாள் என் தோளுக்குள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குள் ட்ரம் அடுக்கிக்கொண்டிருந்த பெடியனைக் கூப்பிட்டாள். "லூக்கஸ், இங்கே வா! என் அம்மாவிடம் உனக்கு ஒரு விமர்சனம் இருக்கிறது."

அவன் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல என் முன்னால் நின்றான். ஆறடிக்கு மேலே ஆள். நான் தொண்டையைச் செருமினேன். ஆரணி என் கையைப் பிடித்தாள்.

"மொழிபெயர்க்கட்டோ, அம்மா?"

"வேண்டாம்" என்றேன். "ஒண்டும் மாத்தாமல் நானே சொல்லுறன்."